மூக்குடைபடாமல் ஓட்ட...

ஏ.டி.வி. எனப்படும் நாலு சக்கரக் காட்டு வண்டி பற்றிக் கேள்விகள் சேர்ந்துகொண்டே போகின்றன. கனடா, ஆஸ்திரேலியா, வளைகுடா, நம்மூர் மலைப்பக்கம் என்று நாலாபுறமிருந்தும் வருகிற கடிதங்களில் கவலை ஒன்றுதான்: வண்டியின் முன்பக்கத்தை எப்படிக் காப்பாற்றுவது? இந்த வாரம் வேறு பேச்சே இல்லை.

கேள்வி: புது ஏ.டி.வி. எடுத்தாச்சு. "முதல்ல முன்னாடி நல்ல பம்பரா ஒண்ணு போடு, மத்ததெல்லாம் அப்புறம்" என்கிறார்கள் கூட்டாளிகள். போடட்டுமா சார்?
(பிராம்ப்டன், கனடா)

பதில்: எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்களா? பம்பர் வேலை செய்வது வண்டியின் முக உயரத்தில். வழியில் வளைந்து நிற்கும் இளமரம், குறுக்கே நீட்டிய கிளை, திடீரென்று நின்றுவிட்ட முன்வண்டியின் முதுகு ஆகியவற்றிலிருந்து ஹெட்லைட்டையும் ரேடியேட்டரையும் பிளாஸ்டிக் உறையையும் அது காக்கும். நெருக்கமான காட்டுப்பாதை என்றால் தாராளமாகப் போடுங்கள்.

ஆனால் உங்கள் ஊரிலிருந்து வடக்கே மஸ்கோகா, ஹாலிபர்ட்டன், பாரி சவுண்ட் என்று கிளம்பினால் காலடியில் இருப்பது கனேடியக் கேடயப் பாறை. அங்கே வண்டியை அடிக்கக் காத்திருப்பவை புல்லுக்குள் மறைந்த கல்லும், மரத்தை வெட்டியவர்கள் விட்டுப்போன அடிக்கட்டையும். இரண்டும் பம்பரின் கீழ்க் கம்பிக்கும் கீழே புகுந்து, சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் ஏ-ஆர்மையும் முன் டிஃபரன்ஷியலையும்தான் பதம் பார்க்கும். பம்பர் நசுங்கினால் உடனே தெரிந்துவிடும். அடியில் உடைந்தது, வண்டி நடுக்காட்டில் நின்ற பிறகுதான் தெரியும். அதனால் என் வரிசை இது: முதலில் அடித்தகடு, அடுத்து ஏ-ஆர்ம் கவசம், மூன்றாவதாகப் பம்பர்.

கேள்வி: வண்டியோடு கம்பெனியே ஒரு முன் கம்பி கொடுத்திருக்கிறதே, அது போதாதா?
(மிசிசாகா, கனடா)

பதில்: ஒரு நிமிட வேலை, செய்து பாருங்கள். வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விரலைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போங்கள். கம்பி எங்கே போய் முடிகிறது? சேஸிஸில் பற்றவைத்த காதில் தடித்த போல்ட்டோடு முடிந்தால் நல்ல சேதி. முன் ரேக்கின் மெல்லிய குழாயிலோ பிளாஸ்டிக் உறையிலோ முடிந்தால் அது அலங்காரக் கம்பி. இடித்த வேகத்தில் ரேக்கையும் சேர்த்துப் பின்னால் தள்ளிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல பம்பர் சேஸிஸைவிடக் கொஞ்சம் இளைத்ததாக இருக்கவேண்டும். மோதலில் முதலில் வளையவேண்டியது அது. வளைந்த பம்பரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். வளைந்த சேஸிஸோடு மாரடிக்க முடியாது. பம்பர் வளைந்துபோனால் வருத்தப்படாதீர்கள், அது வாங்கிய சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்கிறது.

கேள்வி: ரிசார்ட்டில் நாலு வண்டி ஓடுகிறது. விலைக்கு வாங்குவதற்குப் பதில் எங்கள் ஊர் கிரில் பட்டறையில் ஜி.ஐ. பைப்பில் பம்பர் அடித்துப் போட்டுவிடலாமா?
(ஏலகிரி)

பதில்: அடிக்கலாம், மூன்று விஷயத்துக்கு நீங்கள் பொறுப்பெடுத்தால். முதலாவது, சேஸிஸில் ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்கவிடாதீர்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தின் ஓரத்தில்தான் பின்னாளில் கீறல் விழும். ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு முடுக்குவதே சரி. பம்பரைப் பற்றவைப்பதற்கும் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே வண்டிக்குப் பக்கத்தில் வெல்டிங் மெஷினைக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் பற்றவைத்தால் எழும் புகை வெல்டருக்குக் காய்ச்சலையே வரவழைக்கும். கறுப்புக் குழாயே வாங்கிக் கொடுங்கள். மூன்றாவது, கிரில் பட்டறைக்காரர் கை பழகியது வாசல் கேட்டுக்கு. கனமாக, கெட்டியாக, அசையாமல் செய்து தருவார். முன்பக்கத்துக்கு அந்தக் கனம் ஆகாது. முனைகள் வெட்டிய குழாயாக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வளைத்து மூடச் சொல்லுங்கள். ரிசார்ட்டில் குழந்தைகள் நடமாடுகிறார்கள், அந்த முனை அவர்கள் கண் உயரத்தில் இருக்கும்.

கேள்வி: கறுப்பு பவுடர் கோட்டிங்கா, குரோமா?

பதில்: கறுப்பு. கீறினால் ஒரு டப்பா ஸ்பிரே பெயின்ட்டில் வீட்டிலேயே மூடிவிடலாம். குரோம் உரிந்தால் உள்ளே துரு உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: அடித்தகடு அலுமினியத்தில் ஒரு விலை, பிளாஸ்டிக்கில் அதைவிடக் கூடுதல் விலை. பிளாஸ்டிக்குக்கு ஏன் அதிகம் கொடுக்கவேண்டும்?
(சட்பரி, கனடா)

பதில்: அது பக்கெட் செய்கிற பிளாஸ்டிக் இல்லை. மீயுயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன் என்று நீளமான பெயர், கடையில் யு.எச்.எம்.டபிள்யூ. என்று கேட்டால் கொடுப்பார்கள். தொழிற்சாலைகளில் கன்வேயருக்கு அடியில் பல வருஷம் தேய்ந்தும் தேயாமல் கிடப்பது இதே சரக்குதான்.

வித்தியாசம் பாறைமேல் தெரியும். அலுமினியத் தகடு கல்லில் உட்கார்ந்தால் உலோகம் கொஞ்சம் குழிந்து கல்லைப் பிடித்துக்கொள்ளும், வண்டி சிக்கும். பாலிஎத்திலீன் வழுக்கிக்கொண்டு போகும். அடி வாங்கினால் வளைந்து, அடுத்த நொடி பழைய வடிவத்துக்கு வந்துவிடும். சத்தமும் குறைவு. அதற்கென்று குறையும் இல்லாமல் இல்லை. அரை அங்குலம் வரை தடிமன் இருப்பதால் தரை இடைவெளியில் கொஞ்சம் தின்றுவிடும். வெயிலில் நன்றாக விரியும், குளிரில் சுருங்கும். அதற்காகத்தான் போல்ட் துளையை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் வெட்டியிருப்பார்கள். அந்தத் துளையில் போல்ட்டை இறுக்கித் திணறடித்தால் தகடு அலை அலையாக நெளிந்துவிடும். சட்பரி பாறைக்கு நான் பாலிஎத்திலீனுக்கே ஓட்டுப் போடுவேன். மண்பாதையும் சேறும் மட்டும் என்றால் அலுமினியமே போதும், மிச்சக் காசை ஏ-ஆர்ம் கவசத்தில் போடுங்கள்.

கேள்வி: அடித்தகடு போட்டபின் உள்ளே காய்ந்த புல்லும் சருகும் சேர்கிறது. கழற்றிச் சுத்தம் செய்வது அவ்வளவு அவசியமா?
(கால்கரி, கனடா)

பதில்: உங்கள் அல்பெர்ட்டா மாகாண அரசு காட்டுத்தீத் தடுப்பு என்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. புகைக்குழாயின் சூடு 500 பாகை செல்சியஸைத் தாண்டும். காய்ந்த சருகு பற்றிக்கொள்ள 200 பாகை போதும். வழியில் அடிக்கடி நிறுத்திச் சூடான பாகங்களில் ஒட்டிய சருகைத் தட்டிவிடுங்கள். தட்டிவிட்டதை மண்ணில் அப்படியே விட்டுப் போகாமல் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் சின்னத் தீயணைப்பானும் கூடவே இருக்கட்டும். அவசியமா என்று கேட்கிறீர்கள். கவனக்குறைவான ஒரு வண்டி போதும், ஒரு காட்டையே எரிக்க.

கேள்வி: சி.வி. பூட் என்று மெக்கானிக் பயமுறுத்துகிறார். என்ன அது?
(கிச்சனர், கனடா)

பதில்: பயமுறுத்தவில்லை, அக்கறையாகத்தான் சொல்கிறார். முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஆக்சிலின் இரண்டு முனையிலும் ஒரு மூட்டு உண்டு. சக்கரம் மேலே கீழே ஆடினாலும் இடம் வலம் திரும்பினாலும் சுழற்சி தடைபடாமல் பார்த்துக்கொள்வது அந்த மூட்டு. அதற்குள் கிரீஸ் நிரப்பி, மேலே மடிப்பு மடிப்பான ரப்பர் உறை போட்டிருப்பார்கள். அதுதான் பூட்.

ஒரு கூரான குச்சி போதும் அதைக் கிழிக்க. கிழிசல் வழியாக முதலில் கிரீஸ் வெளியே போகும், அடுத்து மணலும் தண்ணீரும் உள்ளே போகும், அதற்கப்புறம் திருப்பத்தில் 'டக் டக்' என்று சத்தம் வரும். சத்தம் வந்துவிட்டால் மூட்டு போய்விட்டது என்று அர்த்தம். கிழிந்த அன்றே பார்த்திருந்தால் உறையை மட்டும் மாற்றி, கிரீஸ் நிரப்பித் தப்பித்திருக்கலாம். தள்ளிப்போட்டால் முழு ஆக்சிலுக்கும் அழவேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஹேண்டில்பாரை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி வையுங்கள். டார்ச்சை உள்ளே அடித்து, ரப்பர் மடிப்புகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். கீறல் பெரும்பாலும் மடிப்பின் பள்ளத்தில் ஒளிந்திருக்கும், மேட்டில் தெரியாது. சக்கர ரிம்மின் உள்பக்கத்தையும் பாருங்கள். அங்கே கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு கோடு தெறித்திருந்தால் அது சேறு இல்லை, கிரீஸ். ஏ-ஆர்ம் கவசம் வாங்கும்போது பூட்டையும் சேர்த்து மூடுகிற மாதிரி வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மான் குறுக்கே வந்தால் பம்பர் காப்பாற்றுமா?
(தண்டர் பே, கனடா)

பதில்: வண்டியைக் கொஞ்சம் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. வண்டி நின்றுவிடும், நீங்கள் நிற்காமல் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பீர்கள். உங்கள் பக்கத்தில் மூஸ் வேறு உண்டு. நெடுங்கால் விலங்கு, வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தாண்டும். அதன் உடம்பே உங்கள் பம்பருக்கு மேலேதான் ஆரம்பிக்கிறது. மாலை மயங்கும் நேரத்திலும் விடியலிலும் வேகத்தைக் குறையுங்கள். மானுக்கு எதிராக அதைவிட நல்ல கவசம் எந்தக் கடையிலும் கிடையாது.

கேள்வி: வின்ச் எத்தனை பவுண்டில் வாங்குவது? எஃகுக் கம்பியா, நார்க்கயிறா? நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.
(எட்மன்டன், கனடா)

பதில்: கட்சி சேராமல் கணக்குப் போடுவோம். வண்டி 350 கிலோ, நீங்கள் 80, சாமான் 40 என்றால் 470 கிலோ. மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும் என்பது பொது விதி. 705 கிலோ வருகிறது. கடையில் கிடைக்கும் 2500 பவுண்டு வின்ச் 1134 கிலோ இழுக்கும் என்பார்கள். தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்த அளவு, உருளையில் கயிறு கடைசி ஒரே அடுக்காக இருக்கும்போது கிடைப்பது. அடுக்கு ஏற ஏற இழுவை இறங்கிக்கொண்டே வரும். பத்தடி தூரத்தில் உள்ள மரத்தில் கட்டினால் முக்கால்வாசிக் கயிறு உருளையிலேயே சுற்றிக் கிடக்கும். நீங்கள் காசு கொடுத்த இழுவை உங்களுக்குக் கிடைக்காது. இதோடு சேறு உறிஞ்சிப் பிடிக்கும் பிடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் நடுத்தர வண்டிக்கு 2500, பெரிய வண்டிக்கு 3500 என்பது வீண் செலவில்லை. தூரத்து மரமாகப் பார்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு கப்பியை மரத்தில் மாட்டிக் கயிற்றை வண்டிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள், இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். மரத்தில் கம்பியை நேராகச் சுற்றாமல் அகலமான பட்டையைப் போடுங்கள். பட்டையுரிந்த மரம் பிழைக்காது.

கயிறு விஷயத்தில் நான் நார்க்கயிறு பக்கம். எஃகுக் கம்பி இழுபட்டு அறுந்தால் சேர்த்துவைத்த சக்தி முழுவதையும் வீசிக்கொண்டு திரும்பும், ஆளை வெட்டும். நார்க்கயிறு அறுந்தால் பெரும்பாலும் சுருண்டு விழுந்துவிடும். எடை குறைவு, விரலில் சிலாம்பு ஏறாது. குறை என்றால் வெயிலும் மணலும் அதைத் தின்னும். அதனால் ஓர் உறை போட்டு வையுங்கள். எதுவானாலும் கயிற்றை முழுக்க அவிழ்த்துவிடாதீர்கள். எஃகு என்றால் குறைந்தது 5 சுற்று, நார் என்றால் 8 முதல் 10 சுற்று உருளையில் மிஞ்சவேண்டும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனத்த ஜாக்கெட்டையோ சாக்கையோ போட்டுவிட்டு, கயிற்றின் வரிசையை விட்டு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன விஷயத்தில் பலர் கோட்டைவிடுகிறார்கள். கயிறு வெளியே வரும் வாய்க்கு ஃபேர்லீட் என்று பெயர். எஃகுக் கம்பிக்கு உருளை வைத்த வாய், நார்க்கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய வாய். எஃகுக் கம்பி ஓடிப் பழகிய பழைய வாயில் நார்க்கயிற்றை ஓட்டாதீர்கள். கம்பி போட்டுவைத்த கீறல்கள் நாரை ரம்பம் போல அறுக்கும்.

கேள்வி: வின்ச்சும் பம்பரும் போட்ட பிறகு ஸ்டியரிங் கனமாகிவிட்டது. திருப்பித் தந்துவிடவா?
(வின்னிபெக், கனடா)

பதில்: பொறுங்கள். வின்ச், அதன் தாங்குதகடு, பம்பர் மூன்றும் சேர்ந்தால் 25 கிலோவை எளிதில் தொடும். அதையும் முன் ஆக்சிலுக்கு முன்னால் தொங்கவிட்டிருக்கிறீர்கள். முன் ஷாக்குகளில் ஸ்பிரிங் இறுக்கத்தை ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள், டயர் காற்றைக் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிபாருங்கள். பாதி கனம் போய்விடும். முன் ரேக்கில் என்ன வைத்திருக்கிறீர்கள்? அதன் தாங்கும் அளவு ஒட்டுத்தாளில் எழுதியிருக்கும், பின் ரேக்கைவிட அது பெரும்பாலும் குறைவு. கூலர் பெட்டியைப் பின்னால் மாற்றுங்கள். செங்குத்தான இறக்கத்தில் மட்டும் இனிமேல் இன்னும் நிதானமாக இறங்குங்கள். மூக்கு கனத்த வண்டி இறக்கத்தில் கவிழத் துடிக்கும்.

கேள்வி: முன்னால் எல்.இ.டி. பட்டை விளக்கும் கூடுதல் கம்பிவலையும் போட்டதிலிருந்து என்ஜின் சூடாகிறது. ஏன்?
(திருகோணமலை)

பதில்: ரேடியேட்டரின் மூச்சை அடைத்துவிட்டீர்கள். தண்ணீரில் குளிரும் என்ஜின் உள்ள ஏ.டி.வி.க்களில் பெரும்பாலும் ரேடியேட்டர் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் கம்பெனி வலை, அதற்கு முன்னால் உங்கள் வலை, அதற்கும் முன்னால் விளக்கு. காற்று எங்கே நுழையும்? விளக்கை ரேக்குக்கு மேலே ஏற்றுங்கள். உங்கள் வலையைக் கழற்றி, கம்பெனி வலையை மட்டும் வைத்துக்கொண்டு, சேறு பட்ட ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவுங்கள்.

கழுவும்போது பிரஷர் வாஷரை மூக்குக்கு நேராக நீட்டவேண்டாம். ரேடியேட்டரின் இதழ்கள் காகிதத்தடிமன்தான், மடங்கிவிட்டால் காற்று நுழையாது. முன்னாலிருந்து அடித்தால் சேறும் உள்ளேதான் போகும். சாதாரணக் குழாய்த் தண்ணீரை என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக விடுங்கள். அது வந்த வழியே போகட்டும்.

கேள்வி: நாங்கள் துபாயில். வாரக்கடைசியில் பிக் ரெட் மணல்மேட்டுக்குச் சொந்த வண்டியோடு போகிறோம். என்ன பம்பர் போடலாம்?
(துபாய்)

பதில்: அங்கே மோத என்ன இருக்கிறது, இன்னொரு வண்டியைத் தவிர? மணலில் முன்பக்கம் கனக்கக் கனக்க மூக்கு புதையும். மேட்டின் உச்சியைத் தாண்டி மறுபக்கம் விழும்போது குத்திக்கொண்டு கவிழும். கனமான பம்பரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, உயரமான கொடிக்கம்பு ஒன்றைப் பின்னால் கட்டுங்கள். உச்சிக்கு அந்தப்பக்கம் இருந்து ஏறி வருபவருக்கு முதலில் தெரிவது அந்தக் கொடிதான். காற்று வடிகட்டியை ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள். மணலில் அதுதான் முதலில் சாகும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலை. கங்காருவுக்குப் பயந்து முன்னால் புல் பார் போட்டிருக்கிறேன். பின்னால் ஒரு வளைவுக் கம்பி கட்டாயம் என்கிறார் முதலாளி. இரண்டும் எதற்கு?
(நியூ சவுத் வேல்ஸ்)

பதில்: உங்கள் முதலாளியைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும். முன் கம்பி வண்டிக்கு, பின் கம்பி உங்கள் உயிருக்கு. பண்ணையில் குவாட் பைக் (ஏ.டி.வி.க்கு அங்கே அதுதான் பெயர்) ஆளைக் கொல்வது அநேகமாக உருண்டு மேலே விழுந்துதான். 300 கிலோவுக்கு மேலான எடை நெஞ்சில் உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் ஆள் இல்லாத மேய்ச்சல் நிலத்தில் மூச்சுத் திணறியே போய்விடுவார்கள். பின்னால் நிற்கும் அந்த வளைவு, வண்டி உருண்டாலும் அடியில் ஆளுக்குக் கொஞ்சம் இடம் விடும், முழுக்கப் புரளாமலும் தடுக்கும்.

ஆஸ்திரேலிய அரசு 2019இல் இதற்கென்று பாதுகாப்புத் தரம் கொண்டுவந்தது. 2020 அக்டோபர் 11 முதல் உருளும் அபாயத்தைச் சொல்லும் எச்சரிக்கை ஒட்டுத்தாளும், பக்கவாட்டில் எத்தனை பாகை வரை தாங்கும் என்ற அட்டையும் கட்டாயம். 2021 அக்டோபர் 11 முதல் விற்கப்படும் பொதுப் பயன்பாட்டுப் புது வண்டிகளில் இந்த ஓட்டுநர் காப்பும் கட்டாயம். பக்கவாட்டில் 28.8 பாகை வரை சாய்த்தாலும் உருளாத நிலைத்தன்மையும் வேண்டும் என்றார்கள். ஹோண்டாவும் யமஹாவும் இதை ஏற்காமல் அந்தச் சந்தையிலிருந்தே குவாட் பைக்குகளை விலக்கிக்கொண்டன. காப்புக் கம்பியே ஆளை நசுக்கலாம் என்பது அவர்கள் தரப்பு வாதம். என்னைக் கேட்டால் அரசு செய்ததே சரி. ஹெல்மெட்டோடு இந்தக் கம்பியும் இருந்திருந்தால் இன்று வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியவர்கள் பலர்.

உங்கள் வண்டி பழையது என்றால் சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் வாங்கி மாட்டுங்கள். முன் ரேக்கில் மருந்துத் தொட்டி ஏற்றினால் அளவைத் தாண்டாதீர்கள். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலையடித்து, சரிவில் வண்டியை இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: பழைய மூன்று சக்கர ஏ.டி.வி. ஒன்று மலிவாக வருகிறது. அதற்குப் பம்பர் கிடைக்குமா?
(ஸ்கார்பரோ, கனடா)

பதில்: பம்பர் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஹோண்டா 1970இல் மூன்று சக்கர வண்டியை விற்க ஆரம்பித்தது. கொழுத்த டயர், ஜாலியான தோற்றம். திருப்பத்தில் கவிழ்ந்து கவிழ்ந்து எத்தனையோ பிள்ளைகளின் கைகாலை உடைத்தது. 1988இல் அமெரிக்க அரசோடு செய்த உடன்படிக்கையில் கம்பெனிகள் புது மூன்று சக்கர வண்டி விற்பதையே நிறுத்தின. கொட்டகையில் நிறுத்தி அழகு பார்ப்பதானால் வாங்குங்கள். ஓட்ட வேண்டாம்.

கேள்வி: ஊட்டிப் பக்கம் எஸ்டேட். ஏ.டி.வி.க்குப் போட்டது மாதிரியே என் ஜீப்புக்கும் முன்னால் புல் பார் போட்டேன். போலீஸ் நிறுத்துகிறார்கள். ஒன்றுக்குச் சரி, இன்னொன்றுக்குத் தப்பா?
(நீலகிரி)

பதில்: ஆமாம், அப்படித்தான். எஸ்டேட்டுக்குள் ஓடும் ஏ.டி.வி. பொதுச்சாலைக்கு வருவதில்லை, அதைச் சட்டம் கண்டுகொள்ளாது. ஜீப் சாலையில் ஓடுகிறது. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது: புல் பார், கிராஷ் கார்டு பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை மீறுவது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளர் மேலேயே பாயும்.

காரணம் நியாயமானது. நவீன வண்டியின் முன்பக்கம் மோதலில் மடங்கிச் சக்தியை விழுங்கும்படி கட்டப்பட்டது. ஏர்பேக் சென்சாரும் அந்த மடங்கலில் வேகம் எப்படிக் குறைகிறது என்று பார்த்துத்தான் கணக்குப் போடுகிறது. நடுவில் இரும்புக் கம்பியை நிறுத்தினால் அந்தக் கணக்குக் குழம்பும். அதைவிட முக்கியம், சாலையில் நடப்பவர். சாதாரண பம்பரில் காலோடு போகக்கூடிய அடி, புல் பாரில் இடுப்பும் மார்புமாகப் போய்விடும். உங்கள் விளக்கைக் காப்பாற்ற அடுத்தவர் விலா எலும்பைப் பணயம் வைக்கமுடியாது. கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பனி தள்ளும் தகடு மாட்டுகிறேன். அதுவே முன்பக்கத்துக்குக் காப்பு ஆகிவிடாதா?
(ஒட்டாவா, கனடா)

பதில்: இல்லை, அது முன்பக்கத்துக்கு இன்னொரு சோதனை. பனிக்கடியில் நடைபாதை விளிம்பு மறைந்திருக்கும். தகடு அதில் மோதினால் அடி நேராகச் சேஸிஸுக்குப் போகும். மோதினால் முன்னால் மடங்கிக்கொடுக்கும் ஸ்பிரிங் வைத்த தகடாகப் பார்த்து வாங்கி, நடைவேகத்தில் தள்ளுங்கள். தகட்டைத் தூக்க வின்ச்சின் எஃகுக் கம்பியையே பயன்படுத்தினால் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி இழை அறும். அதற்கென்று குட்டைப் பட்டை விற்கிறார்கள். தகட்டை உயர்த்தியபடி ரொம்ப தூரம் ஓட்டாதீர்கள், ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அது மறைக்கும். பனிக்காலம்தானே என்று நினைத்தால் என்ஜின் கொதிக்கும்.

கேள்வி: கைக்கவசம் தேவையா? பார்க்க நன்றாக இருக்கிறது.

பதில்: தேவை. கிளையில் விரல் மாட்டினால் தெரியும். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் பிடித்து நிற்கும் அலுமினியத் தண்டு உள்ளதை வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் காற்றை மட்டும்தான் தடுக்கும்.

கேள்வி: மகனுக்குப் பன்னிரண்டு வயது. என் வண்டியை ஓட்டக் கேட்கிறான். முன்னால் என்ன காப்பு போட்டால் பாதுகாப்பு?
(மார்க்கம், கனடா)

பதில்: எது போட்டாலும் கொடுக்காதீர்கள். 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர்களின் ஏ.டி.வி.யை ஓட்டக்கூடாது என்பது தயாரிப்பாளர்கள் வண்டியிலேயே ஒட்டித் தருகிற எச்சரிக்கை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ஒரு படி மேலே போய், 16 வரை எந்த ஏ.டி.வி.யுமே வேண்டாம் என்கிறது. ஏ.டி.வி.யை உடம்பைச் சாய்த்துத்தான் ஓட்டவேண்டும். 40 கிலோப் பையன் சாய்ந்தால் 350 கிலோ வண்டிக்கு உறைக்காது. பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகவும் வேண்டாம், பெரும்பாலான வண்டிகள் ஒருவருக்கு மட்டுமே செய்யப்பட்டவை. அவன் கோபித்துக்கொள்வான். கோபித்துக்கொள்ளட்டும். வண்டி கழுவ, பூட் பார்க்க, போல்ட் முடுக்கக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். 16 வயதில் உங்களைவிட நல்ல ஓட்டுநராக வருவான்.

கேள்வி: பழைய ஏ.டி.வி. பார்க்கப் போகிறேன். முன்பக்கம் அடிபட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பம்பர் பளபளவென்று புதிதாக இருக்கிறது.
(ஹாமில்டன், கனடா)

பதில்: பழைய வண்டியில் பம்பர் மட்டும் புதிது என்றால் பழைய பம்பர் என்ன ஆனது என்று கேளுங்கள். பதிலை நம்பினாலும் நம்பாவிட்டாலும் கீழே படுத்துப் பாருங்கள். பம்பர் போல்ட் புகும் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, நீண்டுபோயிருக்கின்றனவா? நீண்டிருந்தால் பலமாக இழுபட்டிருக்கிறது. சேஸிஸின் வெல்டிங் மூட்டுகளில் பெயின்ட் மயிரிழையாக வெடித்து, அந்தக் கோட்டில் துரு கசிந்திருந்தால் விலை பேசவே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் அதே முடிவு.

அடுத்து ஒரு டேப் வாங்கிக்கொண்டு, ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கணிசமாகக் குறைந்தால் ஏ-ஆர்மோ சேஸிஸோ வளைந்திருக்கிறது. முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். 'கடக்' என்று ஆடினால் பால் ஜாயின்ட்டோ பேரிங்கோ போயிருக்கிறது, அதற்குரிய காசைக் குறைத்துக் கேளுங்கள். கடைசியாக அடித்தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நாலு போல்ட்தான், பத்து நிமிஷம் ஆகாது. கழற்ற மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.